நினைவகத்தில் மட்டும் இருக்கிற கணக்கு

மலையில் கொழுந்து நிறுக்கிற இடத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், தராசைவிடப் பெரியது கணக்கப்பிள்ளை கையில் இருக்கிற புத்தகம். எத்தனை கிலோ எடுத்தாலும் அதில் பதியலைன்னா எடுக்காத மாதிரிதான். ஒரு வரி விடுபட்டால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும்.

ஹட்டன், நுவரெலியா பக்கமிருந்து ஜாவா படிச்சிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போற தம்பி தங்கச்சிமாருக்கு இதை ஞாபகப்படுத்த ஒரு காரணம் இருக்கு. பெரிய கம்பனிகளின் மென்பொருளில் 'இன்-மெமரி டேட்டா கிரிட்' என்று ஒன்றை நீங்க சந்திப்பீங்க. அதுவும் ஒரு கணக்குப் புத்தகம்தான். ஆனா கடதாசியிலும் இல்லை, வட்டிலும் இல்லை, கணினியின் நினைவகத்தில் இருக்கு.

தேவை என்னவோ உண்மையானதுதான். பரீட்சை முடிவு வருகிற இரவில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் தட்டினால், ஒரே தரவுத்தளம் மூச்சுத் திணறும். அதனால் தரவை ரேமில் வைத்து, பல சேர்வர்களுக்குப் பங்கு போடுகிறார்கள். 2008இல் துருக்கியில் தொடங்கிய ஹேசல்காஸ்ட் இதற்கு நல்ல உதாரணம். ஒன்றும் மாற்றாமல் விட்டால் அது தரவை 271 பங்காகப் பிரிக்கும். எந்தப் பதிவு எந்தப் பங்குக்குப் போகணும் என்பதை அதன் சாவியை வைத்தே கணக்கிடும். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பிரதி வேறொரு சேர்வரில் இருக்கும். ஒரு சேர்வர் விழுந்தால் பிரதி வேலையை எடுத்துக்கொள்ளும். புதுசா ஒன்றைச் சேர்த்தால் பங்குகள் தானாக இடம் மாறும். 2005இல் தொடங்கிய நம்ம நாட்டு டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம்கூடத் தன் கார்பன் தளத்தில் சேர்வர்களை இணைக்க இதைத்தான் பயன்படுத்தியது.

வேகத்தைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்காங்க. எனக்குக் கேக்கத் தோணுறது வேற: இது போனா யாருக்கு நட்டம்?

கொழுந்து நிறுவையை ஒருத்தர் இதில் வைத்தார் என்று நினைச்சுப் பாருங்க. முதல் ஆபத்து கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாடு இது. ஒரு சேர்வர் விழுந்தால் பிரதி காப்பாற்றும். எல்லாம் ஒரே பிளக்கில் இருந்தால் பிரதியும் சேர்ந்தே போகும். வட்டிலும் எழுதி வைக்கிற வசதியை ஹேசல்காஸ்ட் கட்டணப் பதிப்பில்தான் தருகிறது. இலவசப் பதிப்பில் ஒரு தரவுத்தளத்தோடு நாமே இணைக்கணும். அங்கேயும் ஒரு தெரிவு இருக்கு. தரவுத்தளத்தில் எழுதி முடித்த பிறகே 'பதிஞ்சாச்சு' என்று சொல்லலாம், அது மெதுவானது. முதலில் சொல்லிவிட்டுச் சில செக்கன் கழித்து எழுதலாம், அது வேகமானது. ஆனா அந்தச் சில செக்கனுக்குள் கரண்ட் போனால், பதிஞ்சாச்சு என்று சொன்னது பொய்யாகிவிடும்.

ரெண்டாவது ஆபத்து லைன் அறுந்துபோவது. ரெண்டு சேர்வருக்கு நடுவில் தொடர்பு போனால், மற்றது செத்துப்போச்சு என்று ரெண்டும் நினைத்துத் தனித்தனியே பதிய ஆரம்பிக்கும். காலையில் 8 கிலோ. பகல் 6 கிலோவை ஒன்று சேர்த்து 14 என்று வைத்திருக்கு. பின்னேரம் 7 கிலோவை மற்றது சேர்த்து 15 என்று வைத்திருக்கு. தொடர்பு திரும்பியதும், 'கடைசியாக எழுதியதே சரி' என்ற விதியைப் போட்டிருந்தால் 15தான் மிஞ்சும். உண்மையில் அந்த அக்கா எடுத்தது 21 கிலோ. 6 கிலோ காணாமல் போனதுக்கு எந்தப் பிழைச்செய்தியும் வராது. மொத்தத்தை வைக்காமல், ஒவ்வொரு நிறுவையையும் தனிச் சாவியில் வைத்திருந்தால் மூன்றுமே தப்பியிருக்கும்.

உண்மையைச் சொன்னால், ஒரு தோட்டத்தின் செக்ரோலுக்கு டேட்டா கிரிட் தேவையே இல்லை. சாதாரணத் தரவுத்தளம் ஒன்றும் ஒழுங்கான காப்புப் பிரதியும் போதும். இதை உரத்துச் சொல்வதும் ஒரு பொறியியலாளரின் வேலைதான்.

ஆனாலும் படிங்க. இலவசப் பதிப்பு இருக்கு, பழைய லெப்டொப் ஒன்று போதும். ஒரே நிரலை ரெண்டு தரம் ஓடவிட்டால் ரெண்டும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். நூறு பதிவு போட்டு, ஒன்றை நிறுத்தி, எத்தனை மிஞ்சுது என்று எண்ணிப் பாருங்க. அப்புறம் ரெண்டையும் நிறுத்திவிட்டு எண்ணுங்க.

எத்தனை பிரதி, எப்போ எழுதுறது, மோதினால் எது ஜெயிக்கும் என்பதெல்லாம் அமைப்புக் கோப்பில் சில வரிகள். அதை எழுதுபவர் பெரும்பாலும் நட்டப்படுபவரைப் பார்த்திருக்க மாட்டார். ஒரு வரி விடுபட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது வாயைத் திறந்து கேளுங்க.