பூண்டு வாங்காத டூரிஸ்ட்டுகள்

கொடைக்கானல் போய் வந்தவர்களைக் கேளுங்கள். லேக், கோக்கர்ஸ் வாக், குணா குகை, அப்புறம் 'பூம்பாறை வ்யூ' என்பார்கள். வ்யூவா? அது ஒரு ஊர் சார்! குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிற ஊர். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைக்கிறவர்கள் ஊர். நாமோ மேலே ரோட்டில் வண்டியை நிறுத்தி, செல்போனில் நாலு படம் எடுத்து, சிப்ஸ் பாக்கெட்டைச் சரிவில் வீசிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

திரும்பும்போது டவுனில் என்ன வாங்குகிறோம்? கிலோ கணக்கில் ஹோம் மேட் சாக்லேட். கோகோ மரம் அந்தக் குளிரில் பிழைக்கவே பிழைக்காது. எங்கிருந்தோ மலையேறி வந்த சரக்கு, நம்மோடு மலையிறங்குகிறது. அந்த மண்ணிலேயே விளைகிற மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அதை வாங்கச் சொன்னால் மட்டும், 'நம்ம ஊர்லயே சல்லிசா கிடைக்குதேங்க' என்று கணக்குப் பார்க்கிறோம்.

சுவிட்சர்லாந்தில் லாவோ என்று ஒரு பகுதி. ஜெனிவா ஏரிக்கு மேலே, பூம்பாறை மாதிரியே அடுக்கடுக்கான சரிவு. பூண்டுக்குப் பதில் திராட்சை. லீவுக்குப் போகிறவர்கள் கொடிகளுக்கு நடுவே நடக்கிறார்கள். விளைவித்தவரிடமே ஒயினை ருசி பார்த்து, பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். (ஒயின் குடிக்கச் சொல்லவில்லை. நமக்கு டாஸ்மாக்கே தாராளம்.) ஏரியைப் பார்த்த மனை என்றால் ரியல் எஸ்டேட்காரர்கள் சும்மா விடுவார்களா? கட்டடங்கள் தோட்டத்தைத் தின்றுவிடும் என்று பயந்து, 1977-ல் அந்த மாநில மக்களே ஓட்டுப் போட்டுப் பாதுகாப்பு வாங்கினார்கள். யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது 2007-ல்தான். முதலில் ஊர்க்காரன் காப்பாற்றினான், பிறகுதான் உலகம் கைதட்டியது.

இங்கே? 2024-ல் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உயர் நீதிமன்றம் கணக்குப் போட்டது. சரிதான். ஆனால், ஏறிப் போனவன் அங்கே யாருக்குக் காசு கொடுக்கிறான் என்பதைக் கோர்ட்டா பார்க்க முடியும்? பூண்டு விலை ஏறும், விழும். காட்டேஜ் வாடகைக்கு அந்தப் பயம் குறைவு. நாளைக்கு ஒரு விவசாயி வயலைக் காட்டேஜுக்குக் கொடுத்தால் அவரைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? அப்போதும் 'முன்ன மாதிரி இல்லீங்க' என்று நாம்தான் முதலில் அலுத்துக்கொள்வோம்.

அடுத்த முறை ரோட்டிலேயே நிற்காமல் ஊருக்குள் இறங்குங்கள். விலை கேளுங்கள். பேரம் பேசாமல் ரெண்டு கிலோ வாங்குங்கள். காருக்குள் வாடை அடிக்கும் என்றால் டிக்கியில் வையுங்களேன்!