நத்தையும் நஞ்சும்

ஐப்பசி மழை பிடித்திருந்த நாட்களில் ஒருமுறை மாதேஸ்வரன் மலைக்குச் சென்றிருந்தேன். 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்து, இப்போது சாமராஜநகர் மாவட்டத்து ஹனூர் தாலுகாவைச் சேர்ந்துள்ள அம்மலைக்கு, மேட்டூர் வழியே பாலாற்றைக் கடந்து வரும் தமிழ் யாத்திரிகர்கள் பலர். மலையிலும் தமிழும் கன்னடமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன. நான் தங்கிய வீட்டின் பின்புறத்தில் இரண்டு கீரைப் பாத்திகளும், ஒரு வரிசை செண்டுமல்லி நாற்றும் இருந்தன. விடிந்து பார்த்தபோது நாற்றுக்களில் பாதி வெறுந்தண்டாய் நின்றது. எஞ்சிய இலைகளின்மேல் கோழைத் தடம் காய்ந்து வெள்ளிக் கோடுபோல் மின்னிற்று. நத்தையின் வேலை.

வீட்டுப் பெரியவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, இதற்குக் கடையில் ஒரு குருணை விற்கிறார்கள். இரவில் தூவினால் காலையில் எல்லாம் செத்துக் கிடக்குமாம். தாங்கள் சர்க்கார் உத்தியோகத்தில், விஞ்ஞானக் கட்டுரைகளையெல்லாம் தமிழாக்குகிறவர். தூவலாமா, கூடாதா?"

நான் உடனே விடை கூறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, நத்தைகளைக் கவர்ந்து கொல்லும் நச்சுணவு பற்றிய துண்டுப் பிரசுரமொன்றைத் தமிழாக்கும் பணி எனக்கு வந்தது. தவிட்டையும் வெல்லத்தையும் சிறிது எண்ணெயையும் பிசைந்து, அதில் பூச்சிக்கொல்லியைக் கலந்து, உருண்டைகளாக்கி வயலோரத்தில் வைப்பது முறை. அந்தக் கலவைக்கு நான் 'நத்தைத் தீனி' என்று பெயரிட்டிருந்தேன். கோழி வளர்க்கும் அலுவலக ஊழியர் ஒருவர் மெய்ப்புத் தாளை எடுத்துச் செல்லும்போது அதைப் படித்துவிட்டு, "இதைக் கோழிக்கும் போடலாமா, ஐயா?" என்று வினவினார். அன்றே அச்சொல்லை நீக்கி 'நச்சுணவு' என்று திருத்தினேன். ஆனால் சொல்லைத் திருத்தியதனால் பொருளின் தன்மை மாறிவிடவில்லை. தவிடும் வெல்லமும் நத்தைக்கு மணப்பதுபோலவே கோழிக்கும் மணக்கும், நாய்க்கும் மணக்கும், தவழ்கின்ற குழந்தைக்கும் இனிக்கும். பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு உண்பது மனிதன் ஒருவனே. அவனும் எப்போதும் படிப்பதில்லை.

கர்நாடகத்தில் குடகின் காப்பித் தோட்டங்களில் ஆப்பிரிக்க இராட்சத நத்தைகள் பெருகியபோது, இத்தகைய நச்சுணவுக்கு மெதோமில் என்னும் மருந்தே நெடுநாள் பரிந்துரைக்கப்பட்டு வந்தது. மிகக் கொடிய நஞ்சாகிய அதனை இந்திய அரசு 2023-ஆம் ஆண்டில் தடை செய்துவிட்டது. கடைகளில் குருணையாகக் கிடைக்கும் மெட்டால்டிஹைடு வேறு வகையைச் சார்ந்தது. அதை உண்ட நத்தை கோழையை அளவுக்கு மீறிச் சுரந்து, உடலின் ஈரத்தை இழந்து சாகிறது. எனினும் அக்குருணையை நாய்கள் விரும்பித் தின்று நடுக்கமும் வலிப்பும் கண்டு இறப்பதுண்டு; பறவைகளுக்கும் சிறு விலங்குகளுக்கும் அதனால் தீங்கு நேர்கின்றது. பிரிட்டனில் அதனைத் திறந்தவெளியில் பயன்படுத்துவது 2022-ஆம் ஆண்டு முதல் தடுக்கப்பட்டிருக்கிறது.

மாதேஸ்வரன் மலையில் இக்கேள்விக்கு இன்னும் கனமுண்டு. மலையைச் சுற்றிய காடு 2013-ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சத்தியமங்கலக் காடு அதனோடு தொடர்கின்றது. தெய்வம் புலியின்மேல் ஏறி வருவதாக வணங்கப்படும் அவ்விடத்தில், 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் ஒருங்கே இறந்து கிடந்தன. புலியால் அடிபட்ட மாடு ஒன்றின் உடலில் பூச்சிக்கொல்லியைக் கலந்து வைத்ததே காரணம் என்பது வெளியாயிற்று. அதற்கும் முன்பு, 2018-ஆம் ஆண்டு டிசம்பரில், அதே வட்டாரத்துச் சுள்வாடியில் உள்ள மாரம்மன் கோயிலில் பூச்சிக்கொல்லி கலந்த பிரசாதத்தை உண்டு 17 பேர் மாண்டனர். இவ்விரண்டும் வேண்டுமென்றே செய்யப்பட்ட கொடுமைகள். நத்தைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை என்று வாசகர் கூறலாம். உண்மையே. எனினும் இரண்டிலும் கையாளப்பட்டவை பயிரின் பெயரால் விற்கப்படும் நஞ்சுகளே. நாற்று இருபதைக் காப்பதற்காக ஒரு டப்பாவை வாங்கி, பாதியைத் தூவி, மீதியைப் பரணில் வைக்கிறோம். அந்த மீதி என்ன ஆகிறது என்பதை எந்தப் பிரசுரமும் கேட்பதில்லை. நத்தையைக் கொல்லுவது எது என்பதைவிட, கொன்றபின் அந்த நஞ்சு எங்கே போகிறது, மிஞ்சியது எங்கே தங்குகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நஞ்சு வேண்டாம் என்றவுடன், இயற்கைப் பகைவனை ஏவிவிடலாமே என்று சொல்வோர் உண்டு. இந்த யோசனையின் வரலாறு துயரமானது. ஆப்பிரிக்க இராட்சத நத்தை நம் நாட்டுக்கு வந்ததே ஒரு மனிதரின் ஆர்வத்தினால்தான். பென்சன் என்னும் சிப்பி ஆராய்ச்சியாளர் மொரீஷியசிலிருந்து கொணர்ந்த இரண்டு நத்தைகள் 1847-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சௌரங்கியிலுள்ள ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. இரண்டே நத்தைகள்! ஒவ்வொன்றும் ஆண்மையும் பெண்மையும் ஒருங்கே உடையது. ஒரு முறைக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடுவது. வறட்சி வந்தால் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கவல்லது. ஐந்நூறுக்கு மேற்பட்ட தாவர வகைகளை உண்பது. அமெரிக்காவில் மயாமி நகரத்துச் சிறுவன் ஒருவன் 1966-இல் ஹவாயிலிருந்து மூன்று நத்தைகளை விளையாட்டாகக் கொண்டுவந்தான். அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். சில ஆண்டுகளில் 18,000 நத்தைகள் பொறுக்கப்பட்டன. அவற்றை ஒழித்துவிட்டதாக 1975-இல் அறிவிப்பதற்குள் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவாயிற்று. 2011-இல் அதே ஊரில் மீண்டும் தோன்றின.

இந்த நத்தையை உண்ணட்டும் என்று யூக்லாண்டினா என்னும் ஊனுண்ணி நத்தையை ஹவாய்த் தீவுகளில் 1955-இலும், பின்னர் தஹீதி முதலிய தீவுகளிலும் விட்டார்கள். அது இராட்சத நத்தையை விட்டுவிட்டு, அத்தீவுகளுக்கே உரிய சின்னஞ்சிறு மரநத்தைகளைத் தின்று பல இனங்களை அடியோடு அழித்துவிட்டது. நமது மலைக்கும் இதில் பாடமுண்டு. மேற்கு மலைத் தொடரும் கிழக்கு மலைத் தொடரும் கைகோக்கும் அப்பகுதியில், எவருடைய பயிரையும் தீண்டாமல் உதிர்ந்த இலைகளையும் காளான்களையும் உண்டு வாழும் நாட்டு நத்தைகள் உள்ளன. நச்சுக் குருணைக்கு இன்ன நத்தை என்ற வேற்றுமை தெரியாது. கையால் பொறுக்குகிறவருக்குத் தெரியும்.

வேறு தேசங்களிலிருந்து பகைவரை வரவழைக்க வேண்டியதில்லை. இங்குள்ளவர்களை விரட்டாமல் இருந்தால் போதும். செம்போத்து நத்தையை விரும்பி உண்ணும் பறவை. மின்மினியின் புழுப் பருவம் நத்தையைத் தின்றே வளர்கிறது என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி. வாத்து வளர்க்க வசதியுள்ளோர்க்கு அதைவிட நல்ல காவலாளி இல்லை. முற்றிய நாற்றுள்ள தோட்டத்தில் விடவேண்டுமேயன்றி, இளங்கீரைப் பாத்தியில் விட்டால் நத்தை செய்வதை வாத்தே செய்துவிடும்.

இனி வீட்டு வைத்தியங்கள். முட்டை ஓட்டை நொறுக்கித் தூவுவது, செடியைச் சுற்றிச் செப்புத் தகடு ஒட்டுவது, கரடான மணலைக் கொட்டுவது ஆகியவை இரசாயனமற்ற முறைகள் என்று ஊருக்கு ஊர் புகழப்படுகின்றன. பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கத்தார் 2018-ஆம் ஆண்டில் செப்புப் பட்டை, சரளை மணல், பைன் மரப்பட்டை, ஆட்டுரோமக் கட்டிகள், முட்டை ஓடு ஆகிய ஐந்தையும் கீரைச் செடிகளில் சோதித்தனர். ஒன்றும் செய்யாமல் விட்ட செடிகளுக்கு ஏற்பட்ட சேதத்திற்கும் இவற்றுக்கும் வேற்றுமை காணப்படவில்லை. சாம்பலும் சுண்ணாம்பும் உலர்ந்திருக்கும்வரை தடுக்கும். நத்தை வருவதோ மழையில். உப்பைப் பாத்தியில் தூவுவோர் நத்தையோடு மண்ணையும் கெடுத்துக்கொள்கிறார்கள். நஞ்சில்லாத முறை என்பதனாலேயே ஒன்று பயனுள்ள முறையாகிவிடாது. இதை நஞ்சுக்கு எதிராக எழுதும் நானே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஏனெனில் பயனற்ற முறையில் இரண்டு மாதம் ஏமாந்த விவசாயி மூன்றாம் மாதம் நேரே குருணைக் கடைக்குத்தான் போவார்.

பயனளிப்பது எது? நத்தையின் நாட்பொழுதை அறிந்து நடப்பது. அந்தி சாய்ந்து ஈரம் படிந்தபின் அது புறப்படுகிறது. வெயில் ஏறுமுன் நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் ஒடுங்குகிறது. ஆகவே மாலையில் பாய்ச்சும் நீரைக் காலையில் பாய்ச்சினால், இரவில் மேல்மண் உலர்ந்து அதன் நடமாட்டம் குறையும். வேலியோரக் குப்பையும், அடுக்கிய பலகையும், பயன்படாத ஓடும் அதன் பகல் வீடுகள். அவற்றை அகற்ற வேண்டும். அகற்றியபின் நாமே ஒரு வீட்டை அமைத்துக் கொடுக்க வேண்டும்: நனைத்த சாக்கு ஒன்றை விரித்து, அதனடியில் பப்பாளி இலையையோ முட்டைக்கோசுக் கழிவையோ இட்டு வைத்தால், சுற்றுப்புற நத்தைகள் அங்கே வந்து கூடும். விடியற்காலையில் சாக்கைப் புரட்டிப் பொறுக்கிச் செறிந்த உப்புக் கரைசலில் போட்டுக் கொன்று, குழியில் ஆழப் புதைத்துவிடலாம். வெறுங்கையால் மட்டும் தொடலாகாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் இளம்பருவம் நத்தையின் உடலில் தங்கி, மனிதருக்கு மூளையுறை அழற்சியை உண்டாக்கக் கூடும். கேரளத்திலும் இந்நோய் காணப்பட்டிருக்கிறது. கையுறையோ இடுக்கியோ வேண்டும். நத்தை ஊர்ந்த கீரையை நன்கு கழுவிச் சமைத்தே உண்ண வேண்டும்.

கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார், பெருந்தொகையாக வரும் இராட்சத நத்தைக்கு ஒரு கரைசலைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் நீரிலிட்டு ஒரு லிட்டராகக் காய்ச்சி, 60 கிராம் மயில்துத்தத்தைக் கரைத்த மற்றொரு லிட்டர் நீருடன் சேர்த்து வடிகட்டித் தெளிப்பது அது. புகையிலையும் மயில்துத்தமும் நாம் பழகிய பொருள்கள் என்பதால் தீங்கற்றவை என்று எண்ணிவிடலாகாது, இரண்டும் நஞ்சே. ஆனால் சாக்கில் கூடிய நத்தைகளின்மேல் மட்டும் தெளிப்பதற்கும், தோட்டம் முழுதும் இனிப்புக் குருணையைத் தூவி வைப்பதற்கும் பெரிய வேற்றுமை உண்டு. கையால் பொறுக்கித் தீராத இடத்திற்கே அதுவும் உரியது.

இவ்விடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபத்துக்கு விடை கூற வேண்டும். பொறுக்குங்கள் என்று நாற்காலியில் அமர்ந்து எழுதுவது எளிது. குனிந்து பொறுக்குகிறவர் முதுகுக்கல்லவா தெரியும்? மேலும், ஒரு வீட்டார் பொறுக்க, அடுத்த வீட்டு வேலியிலிருந்து மறுநாள் இரவே புதியவை வந்துவிடும். குருணையின்மேல் மக்களுக்குள்ள மோகம் இந்த அலுப்பிலிருந்தே பிறக்கிறது. ஆகையால் இதனைத் தனிக் குடும்பத்தின் பொறுப்பாக விட்டுவிடுவது சரியன்று. முதல் மழைக்குப் பின் வரும் இரண்டு மூன்று வாரங்களில், முட்டையிடுவதற்கு முன்பாக, ஒரே இரவில் ஊர் முழுவதும் சாக்கு விரித்து, ஒரே காலையில் பொறுக்கினால் அதன் பலன் வேறாக இருக்கும். ஏரி மராமத்துக்கு ஊர் கூடியதை அறிந்த நமக்கு இது புதிய ஏற்பாடன்று. கிராமப் பஞ்சாயத்துக்கள் இதற்கு ஒரு நாளைக் குறித்து, கையுறையும் உப்பும் வழங்கினால், அச்செலவு ஒரு பருவத்துக்கு வாங்கும் குருணையின் விலையை மிஞ்சாது என்றே கருதுகிறேன். பிரசுரங்களை எழுதுவோர்க்கும் தமிழாக்குவோர்க்கும் ஒரு வேண்டுகோள்: முதற் பக்கத்தில் மருந்தின் பெயரையும் கடைசிப் பக்கத்தில் 'கையாலும் பொறுக்கலாம்' என்ற ஒரு வரியையும் இடும் வழக்கத்தைத் தலைகீழாக மாற்றுங்கள். எல்லைப்புற ஊர்களில் அதனைத் தமிழிலும் கன்னடத்திலும் ஒருசேர அச்சிடுங்கள். ஓடில்லா நத்தைக்கு 'அட்டை' என்று எழுதாதீர்கள். இரத்தம் குடிக்கும் அட்டையைத் தேடிக்கொண்டு தோட்டத்தில் அலைவார்கள்.

பெரியவருக்கு நான் அன்று கூறியது இவ்வளவு நீளமில்லை. குருணை வேண்டாம் என்றேன். ஒரு சாக்கும் இரண்டு பப்பாளி இலையும் கேட்டேன். அவர் முகத்தில் நம்பிக்கை தோன்றவில்லை. இவ்வளவு படித்தவர் சாக்கையா கேட்கிறார் என்று எண்ணியிருக்கலாம். மறுநாள் விடியற்காலையில் அவருடைய பேத்தி பழைய இடுக்கி ஒன்றை எடுத்து வந்து, சாக்கைப் புரட்டி, ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணத் தொடங்கினாள். நாற்பத்தொன்றில் எண்ணிக்கை நின்றது. பெரியவர் சற்றுநேரம் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேலிக்கு அப்பால் திரும்பி, அடுத்த வீட்டாரைக் கன்னடத்தில் கூப்பிட்டு, அவர்களிடம் பழைய சாக்கு இருக்கிறதா என்று கேட்டார்.