மேஸ்திரி கேட்ட கேள்வி

சென்னையில் ஒரு கண்காட்சி. கைத்தறி, இயற்கை வேளாண்மை, நியாய வணிகம் என்று வரிசையாகக் கடை போட்டிருந்தார்கள். தோழர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். ஒரு கடையில் பருத்திச் சட்டை. விலை 2200 ரூபாய். காலரில் நூல் கட்டி ஒரு சீட்டுத் தொங்கியது. உழைத்தவர்களுக்கு நியாயமான கூலி கொடுத்துத் தயாரித்த துணி என்று அதில் இங்கிலீஷில் போட்டிருந்தது. தோழர் சொன்னார்: "நாம வாங்குற ஒவ்வொரு பொருளும் ஓட்டுப் போடுற மாதிரி தோழர். நல்லதா பாத்து வாங்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. காசு வைத்திருப்பவனுக்கு மட்டும் ஓட்டு என்றால் அது பழைய கதை. சொத்து உள்ளவனுக்கும் வரி கட்டுகிறவனுக்கும்தான் வெள்ளைக்காரன் ஓட்டுரிமை வைத்திருந்தான். வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று 1928இல் சைமன் குழு முன்னால் நின்று கேட்டவர் அம்பேத்கர். இப்போது கடைத்தெருவில் மறுபடி அதே கணக்கா? 2200 ரூபாய் இருக்கிறவன் ஓட்டுப் போடுவான். அந்த நூலை நூற்றவள்? அவளுக்கு அந்தத் தேர்தலில் பேரே கிடையாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கக்கா நூற்றவள்.

2004இல் எங்க காலனிக்கு வேன் வந்தது. திண்டுக்கல் பக்கத்து மில் ஒன்றுக்கு ஆள் பிடிக்கிற புரோக்கர் வந்தான். 'சுமங்கலித் திட்டம்'. பேரைப் பாருங்க, தாலியைக் காட்டித்தான் ஆள் பிடிக்கிறான். மூணு வருசம் ஆஸ்டல்ல தங்கி வேலை பாத்தா முடிவுல மொத்தமா நாப்பதாயிரம், கல்யாணத்துக்கு ஆச்சு. எங்கம்மா கண்ணுல தண்ணி வந்துருச்சு. அக்காவுக்குப் பதினாறு வயசு. பதினெட்டுன்னு எழுதிக்கிட்டான்.

மொத நாள் ஸ்பின்னிங்ல நிக்க வெச்ச மேஸ்திரி அக்காகிட்ட கேட்ட மொதக் கேள்வி: "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா?" காலனின்னு சொன்னதும் அவன் வாயில "வா, போ" இன்னும் கீழ இறங்கிருச்சு. அதுக்கப்புறம் யாருக்கு எந்த சைடு, யாருக்கு ரெண்டு ஷிப்ட்டு, யாரைத் தொட்டுப் பேசலாம், யாரு அப்பன் வந்து சட்டையப் பிடிக்க மாட்டான் — எல்லாம் அந்த ஒத்தைப் பதில்லயே முடிவாயிருச்சு.

ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஆய்வுக்கு ஆள் வருவாங்களாம். அன்னிக்கு மட்டும் மூக்குக்குத் துணி, தலைக்குத் தொப்பி, மத்தியானம் கறிச்சோறு. என்ன கேட்டா என்ன சொல்லணும்னு முந்துன நாளே வார்டன் சொல்லிக் கொடுத்துரும். ஆய்வாளர் நோட்டுப் புத்தகம் வெச்சுக்கிட்டுக் கேப்பார். தீயணைப்பு வாளி இருக்கா, கக்கூசு எத்தனை, வயசு என்ன, கூலிப் பதிவேடு எங்கே? மூணு வருசத்துல ஒரு ஆய்வாளர்கூட அந்த மேஸ்திரி கேட்ட கேள்வியைக் கேக்கலை. அவங்க படிவத்துல சாதிக்குக் கட்டமே இல்லை.

முப்பத்திநாலாவது மாசம் அக்காவுக்கு வயித்துவலி. இழுத்துக்கிட்டே போச்சு. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நடுவுல நின்னுட்டா, ஒப்பந்தம் முறிஞ்சு போச்சுன்னு நாப்பதாயிரத்துல ஒரு பைசா தரலை. எங்கப்பா கேட்டுக்குப் போய் மூணு நாள் நின்னாரு. வாட்ச்மேனைத் தாண்ட முடியலை. பிறகு அக்கா திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய் அனுப்பிய பணத்தில்தான் நான் எம்.ஏ. தமிழ் படிச்சேன். நான் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் அவளுக்குக் கூலி பாக்கி இருக்கு.

ஒண்ணுமே இல்லாததுக்கு இது மேல் இல்லையா என்று தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1988இல் நெதர்லாந்தில் மாக்ஸ் ஹாவலார் முத்திரையோடு மெக்சிகோ காப்பி விற்கப்பட்டது. தரகனிடம் மாட்டிய சிறு விவசாயிகளுக்கு ஓரளவு நிலையான விலை கிடைத்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள், சங்கமாகச் சேர்ந்திருந்தவர்கள். நம்ம நாட்டில் நிலம் யார் கையில்? பருத்திக்கு நியாய விலை வந்தால் அது காட்டுக்காரனுக்கு வரும். அந்தக் காட்டில் குனிந்து பருத்தி எடுக்கிற சேரிப் பொம்பளைக்கு அதில் எத்தனை காசு இறங்கும்? அதை எந்தச் சீட்டும் சொல்வதில்லை.

சீட்டு உயிரைக் காக்கும் என்றும் நம்ப முடியவில்லை. கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலைக்கு 2012 ஆகஸ்டில் எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்தது. சில வாரங்களில், செப்டம்பர் 11இல், தீ. வழிகள் பூட்டியிருந்தன, சன்னல்களில் கம்பி. இருநூற்றைம்பது பேருக்கு மேல் செத்தார்கள். அந்தச் சான்றிதழ் யாருடைய நிம்மதிக்காக எழுதப்பட்டது? உள்ளே இருந்தவர்களுக்காக இல்லை.

புறக்கணிப்பு என்றும் பேசுகிறார்கள். கெட்ட கம்பெனிச் சரக்கை வாங்காதே என்கிறார்கள். அவர்களுக்கு அது புது ஆயுதம். நமக்கு அது முதுகில் விழுந்த பழைய தடி. ஊர்க்கட்டுப்பாடு போட்டு, காலனிக்காரனுக்கு அரிசி கொடுக்காதே, பால் ஊத்தாதே, வேலைக்குக் கூப்பிடாதே என்று பட்டினி போட்டவர்கள் யார்? 1930இல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன அம்பேத்கர், பர்மாவின் 1922ஆம் வருடப் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தைக் காட்டி, எங்களைப் புறக்கணிப்பதைக் குற்றமாக்கு என்று கேட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அதற்குத் தெளிவான பிரிவு வருவதற்கு 2015 திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதனால் எங்கோ ஒருவர் கோபப்பட்டு ஆர்டரை நிறுத்தச் சொன்னால் நான் முதலில் கேட்பது இதுதான்: உள்ளே இருக்கிற பிள்ளைகளைக் கேட்டீங்களா? ஆர்டர் போனால் முதலாளி வேறு ஆர்டர் பிடிப்பான். எங்கக்கா மாதிரிப் பிள்ளை மறுபடி களை எடுக்க, அதே ஆண்டைகிட்டத்தான் போகணும்.

அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது. நம்ம திண்டுக்கல் சீமையிலேயே இருக்கிறது.

2021 சனவரியில், வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகளுக்குத் தைத்த ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருத்தி கொலையானாள். குற்றம் சாட்டப்பட்டவன் அவளுடைய மேற்பார்வையாளன். அந்த ஆலையும் ஆய்வுகளைப் பார்த்த ஆலைதான். எந்த ஆய்வும் அவளைக் காப்பாற்றவில்லை. தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், பெண்கள் தலைமையில் நடக்கிற, தலித் பெண்கள் நிறைந்த சங்கம், விடவில்லை. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை முதலாளியும் எச் அண்டு எம் கம்பெனியும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு வேறு கம்பெனிகளும் சேர்ந்தன. இது சட்டப்படி கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம். அதில் பாலியல் கொடுமையோடு சாதிப் பாகுபாடும் பேர் சொல்லி எழுதப்பட்டது. இருபத்தைந்து தொழிலாளிக்கு ஒருத்தி என்று, நூற்பிலும் தையலிலும் நிற்கிற பெண்களிலிருந்தே கண்காணிப்பவர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்தது. வருசத்துக்கு ரெண்டு நாள் வந்து போகிற ஆய்வாளர் இல்லை இவர்கள். பக்கத்து மெசின்காரி. மேஸ்திரி வாயிலிருந்து என்ன வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

இது சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு உயிர் போன பிறகுதான் வந்தது. நம் மாவட்டங்களில் இருக்கிற நூற்றுக்கணக்கான மில்லில் இது ஓரிரண்டு. ஆனால் சாதிக்குக் கட்டம் போட்டது சீட்டு ஒட்டியவர்கள் அல்ல. சங்கம் கட்டிய பெண்கள்.

அதனால் தோழரே, நீங்க சட்டை வாங்குங்க. வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனா கடைக்காரன்கிட்ட சீட்டை மட்டும் பார்த்துட்டு வராதீங்க. இந்த நூலு எந்த மில்லுல நூத்தது? அங்க சங்கம் உண்டா? சாதி சொல்லித் திட்டினா எங்க போய்ச் சொல்லணும்? மூணு கேள்வி கேளுங்க. அவனுக்குப் பதில் தெரியலைன்னா, அடுத்த தரம் அந்தப் பிள்ளைங்க கேட்டு முன்னால கொடி பிடிச்சு நிக்கறப்ப, சட்டைக்கு வெச்ச காசுல பஸ் ஏறி வாங்க.

எங்கக்காவுக்கு வர வேண்டிய நாப்பதாயிரம் இன்னும் வரலை.