படிப்பா, வாலிபாலா?

என் மகள் வாலிபால் ஆடுகிறாள், கணக்கும் பிடிக்கும். மந்தைவெளியில் எங்கள் உறவினர்கள், 'ஏதாவது ஒன்றை விடச் சொல்' என்கிறார்கள். ஏன் விட வேண்டும்? கிரிக்கெட் வீரர்கள் வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள். 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்ரீகாந்த் எடுத்த 38 ரன்தான் இரு அணியிலும் அதிகம். சதுரங்க வீரர் ஆனந்த் லயோலா கல்லூரியில் பி.காம். முடித்தவர்.

ஆனால் கல்லூரி தேடும்போது, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. போட்டிக்குப் போகும் நாள்களுக்கு ஓ.டி. (வராத நாளுக்கும் வருகைப் பதிவு) உண்டா, தவறிய இன்டர்னல் தேர்வை மறுபடி வைப்பார்களா, லேப் மாலை 5 வரை நீண்டால் பயிற்சி எப்போது? துறைத் தலைவரிடமே கேளுங்கள். மாலையில் மைதானத்துக்குப் போய், அங்கே ஆடும் பெண்களிடம் பேசுங்கள். தினமும் 3 மணி நேரம் பேருந்திலேயே கழியும் கல்லூரி, எவ்வளவு பெயர் பெற்றதானாலும், எங்கள் பட்டியலில் இல்லை.