அம்புலன்ஸ் எந்த இலாகாவைச் சேர்ந்தது?

சிங்கப்பூரில் 995-ஐ அழைத்தால், உள்துறை அமைச்சின் கீழுள்ள குடிமைத் தற்காப்புப் படையின் அம்புலன்ஸ் வருகிறது. மலேசியாவில் 999-ஐ அழைத்தால், பெரும்பாலும் அரசாங்க ஆஸ்பத்திரி வண்டி வருகிறது. அங்கே பாதுகாப்பு, இங்கே சுகாதாரம். எது முறை?

தீயணைப்புப் படையின் வேகம் ஆஸ்பத்திரிக்கு வராது என்பர் சிலர். வேகம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், பால்மரக் காட்டில் பாம்பு தீண்டியவருக்கு அது வெறும் வாகனமா? சிகிச்சை அதில்தானே தொடங்குகிறது! விஷமுறிவு மருந்து இருப்பதோ ஆஸ்பத்திரியில். வண்டியும் வைத்தியமும் ஒரே பொறுப்பில் இருந்தால்தான், தவறு நேரும்போது நாம் தட்டிக் கேட்க ஒரே வாசல் இருக்கும்.

ஆகவே சுகாதார அமைச்சே பொறுப்பு என்கிறோம். பொறுப்பென்றால் போதிய வண்டி, போதிய ஆள், டிவிஷன் வரை வழியறிந்த ஓட்டுநர் என்று பொருள். வண்டி செம்மண் சாலையில் வழி தேடி அலையும்வரை உயிர் காத்திருக்காது!