ஜெர்மன் மொழிக்குத் தமிழ்வழி வேண்டும்

கொடும்பாளூர் பழங்காலத்திலேயே வழிகள் பிரியும் ஊர். மதுரைக்குச் செல்லும் பாதை இங்கு மூன்றாகக் கிளைப்பதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இருக்குவேளிர் ஆண்ட, மூவர் கோயில் நிற்கும் இந்தப் புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூரிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளின் முன்னுள்ள வழிகளுள் ஒன்று இன்று ஜெர்மனி வரை நீள்கிறது. அந்த வழியின் முதல் படி மொழி. அந்தப் படியை யார், எந்த மொழியில் அமைத்துத் தருவது என்பதே கேள்வி.

திறன்மிகு இந்தியப் பணியாளர்களுக்கான ஆண்டு விசாக்களை 20,000-லிருந்து 90,000-ஆக உயர்த்துவதாக ஜெர்மனி 2024 அக்டோபரில் அறிவித்தது. மூப்படைந்துவரும் அந்நாட்டு மக்கள்தொகையே இதற்குக் காரணம். 2024-25 குளிர்காலப் பருவத்தில் அங்கு பயின்ற இந்திய மாணவர்கள் 59 ஆயிரத்துக்கும் அதிகம். அயல்நாட்டு மாணவர்களில் அவர்களுக்கே முதலிடம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது எளிய குடும்பங்களையும் ஈர்க்கிறது.

ஆனால், இளநிலைப் பட்டப் படிப்புகளில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியிலேயே நடக்கின்றன. அங்கு முழுத்தகுதி பெற்ற செவிலியராகப் பணியாற்ற, ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு படிநிலைகளில் பொதுவாக பி2 வரை எட்ட வேண்டும். 'ஆங்கிலம் தெரிந்தால் போதும்' என்பது கணினித் துறையின் ஒரு பகுதிக்குப் பொருந்தலாம். மருத்துவமனைக்கும் தொழிற்கூடத்துக்கும் பொருந்தாது.

தொடக்கநிலையான ஏ1-ஐ எட்டுவதற்கே, 45 நிமிடங்கள் கொண்ட 80 முதல் 200 பாடவேளைகள் தேவை என்பது கோத்தே நிறுவனத்தின் கணக்கு. ஒரு கல்லூரி வாரத்துக்கு 4 பாடவேளைகளை ஒதுக்கினால், 15 வாரப் பருவத்தில் 60 மட்டுமே கிடைக்கும். ஒரு பருவத்து விருப்பப் பாடமாக ஜெர்மனை வைத்துவிட்டு, மதிப்பெண் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பதோடு நின்றால் மாணவர் ஏ1-ஐக்கூடத் தொடமாட்டார். எஞ்சியதைத் தனியார் மையத்தில் படித்துக்கொள்ளலாம் என்பது நகரத்தாருக்குச் சரி. திருச்சிக்கோ புதுக்கோட்டைக்கோ பேருந்தில் போய்வரும் கிராமத்து மாணவருக்கு மாலை வகுப்பு என்றால் கடைசிப் பேருந்தை விடுவது என்று பொருள்.

நேரத்தைவிடப் பெரிய தடை பயிற்றுமொழி. ஜெர்மன் இலக்கணம் இங்கு பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே விளக்கப்படுகிறது. தமிழ்வழியில் பள்ளிக் கல்வி முடித்தவர், தனக்கு இன்னும் வசப்படாத ஒரு மொழியைக் கொண்டு இன்னொரு மொழியைக் கற்க வேண்டியிருக்கிறது. உண்மையில், ஜெர்மனின் சில கடினமான பகுதிகளுக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழே நல்ல ஏணி.

ஜெர்மனில் நான்கு வேற்றுமைகள். 'மனிதனை', 'மனிதனுக்கு' என்பவற்றை வேறுபடுத்தும் தமிழருக்கு 'டென் மன்', 'டேம் மன்' என்ற வேறுபாடு புரியாத புதிராக இராது. ஜெர்மன் துணைவாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும். தமிழ் வாக்கியமே அப்படித்தான் முடிகிறது. 'டூ', 'ஸீ' என்ற முன்னிலைச் சொற்களை, 'நீ', 'நீங்கள்' எனச் சொன்னாலே யாரிடம் எதைப் பயன்படுத்துவது என்பது பெருமளவு விளங்கிவிடும்.

தமிழ் உதவாத இடங்களும் உண்டு. பொருளை வைத்துத் திணையையும் பாலையும் பிரிக்கும் நமக்கு, மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமியைக் குறிக்கும் 'மேட்சென்' அஃறிணை போன்ற மூன்றாம் பால் என்பது விந்தையாகவே இருக்கும். எங்கே தமிழ் கைகொடுக்கும், எங்கே இடறும் என்பதை அறிந்து எழுதப்பட்ட பாடநூல்தான் தேவை.

இது புதிய சிந்தனையன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். அவரது தமிழ் இலக்கண நூல் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹுல்ட்ஷும் ஜெர்மானியரே. நம் மொழியை அவர்கள் தங்கள் அறிவுமரபின் வழியே உள்வாங்கினார்கள். அண்மையில் கொலோன் பல்கலைக்கழகத்தின் தமிழ்க் கல்வி தடுமாறியபோது தமிழக அரசு நிதி அளித்தது. ஜெர்மனியில் தமிழைக் காக்க முன்வந்த அரசு, தமிழகத்தில் தமிழ்வழி ஜெர்மனுக்கும் ஒரு தொகையை ஒதுக்கலாம்.

பண்பாட்டுப் பாடம் என்பது கிறிஸ்துமஸ் சந்தைப் படங்களோடு முடிவதன்று. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடப்படுவது முதல், வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு, நாஜிக் காலத்தை அந்தச் சமூகம் நினைவுகூரும் விதம், 1990 இணைப்புக்குப் பிறகும் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே நீளும் வேறுபாடு வரை அதில் அடங்கும். தன் பணி ஒப்பந்தத்தைத் தானே படிக்க முடியாதவர் இடைத்தரகரின் சொல்லை நம்பியே விமானம் ஏறுகிறார். கடன் வாங்கி அனுப்பும் குடும்பத்துக்கு மொழியறிவே முதல் காப்பீடு.

இன்னொரு நாட்டின் ஆள்பற்றாக்குறைக்கு நம் பல்கலைக்கழகங்கள் ஏன் ஆள் தயாரிக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால், நாம் கற்பிக்காவிட்டாலும் இளைஞர்கள் போகத்தான் போகிறார்கள், ஆயத்தமின்றிப் போவார்கள். மொழி கற்றவருக்கோ, போகாமல் இங்கேயே ஜெர்மன் நிறுவனங்களிலும் மொழிபெயர்ப்பிலும் கற்பித்தலிலும் வாழ்க்கை அமைத்துக்கொள்ளும் தெரிவும் உண்டு.

மாவட்ட அரசுக் கல்லூரிகளில் குறைந்தது இரண்டு பருவங்களுக்கு, கல்லூரி நேரத்திலேயே ஏ1 வகுப்பு. தமிழ்வழி விளக்கங்களோடு ஒரு பாடநூல். தேர்ச்சிக்குத் தகுதியான ஏழை மாணவருக்குத் தேர்வுக் கட்டண உதவி. 'நான் முதல்வன்' போன்ற திட்டம் உள்ள மாநிலத்துக்கு இவை எட்டாதவை அல்ல. கல்லூரிகள் சிலவற்றில் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.