வேன் கூரையில் டிஷ் மாட்டுகிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வாசிக்காமலே லைக் போடுகிறவர்கள் தயவுசெய்து நகர்ந்துவிடுங்கள்.

தை மாதம் கான்சாபுரத்திலிருந்து வேன் பிடித்துப் பதினாறு பேர் காசிக்குப் போய்வந்தோம். வேன்காரத் தம்பி என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். "சார், கூரையில டிஷ் மாட்டியாச்சு, வழியெல்லாம் சீரியல்தான்" என்றான். மாட்டிக் கொடுத்த கடைக்காரர் 8,500 ரூபாய் வாங்கியிருக்கிறார். பகல் முழுக்க "சிக்னல் இல்லை" என்ற எழுத்தைத்தான் பார்த்தோம். ராத்திரி தங்கிய இடத்தில், படம் வருவதற்காக வண்டியையே முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தான், பாவம்.

அவன் மேல் கோபமில்லை. செயற்கைக்கோள் பாடத்தை அவனுக்கு ஒழுங்காக நடத்தாத வாத்தியார் மேல்தான் கோபம். இப்போது நடத்துகிறேன்.

தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் ஏவினார்கள். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. நம் ஊரில் அதைப் பார்க்க, கிழக்கே நின்று தெற்குப் பக்கம் 30 டிகிரி திரும்பி, 68 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். மேற்கே இருக்கும் மலை நமக்கு மறைக்காது, அது நம் யோகம். காசியிலோ அது தெற்கை ஒட்டிப் போய்விடும், உயரமும் 58 டிகிரியாக இறங்கிவிடும். வீட்டு டிஷ் இரண்டு மூன்று டிகிரி விலகினாலே படம் போய்விடும். வளைவில் திரும்புகிற வேன் எத்தனை டிகிரி திரும்புகிறது? நட்டு போட்டு இறுக்கிய டிஷ் என்ன செய்யும்?

தானாகத் திரும்பிச் செயற்கைக்கோளைத் துரத்தும் டிஷ் உண்டு, கப்பல்களில் இருக்கிறது. விலை லட்சத்தைத் தாண்டும். அமெரிக்காவில் வீட்டையே வண்டியாக்கி ஊர் சுற்றுகிறவர்களில்கூடப் பலர் நிறுத்திய இடத்தில் முக்காலியை விரித்து டிஷ் வைத்துத்தான் பார்க்கிறார்கள். நமக்கும் அதுதான் வழி. வீட்டு இணைப்பைக் கழற்றிக்கொண்டு போனால் வீட்டிலிருக்கும் ஆச்சிக்கு டிவி இல்லை. ஃப்ரீ டிஷ்சுக்கு ஒரு தடவை பெட்டி வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது.

"போன் இருக்கே சார்" என்பீர்கள். ஒரு போனைப் பதினாறு பேர் எப்படிப் பார்ப்பது? ஜபல்பூர் தாண்டிக் காட்டுப் பாதையில் டவர் எங்கே?

சரி, நான் ஜபல்பூரில் முக்காலி வைத்துப் படத்தைக் கொண்டுவந்தும்விட்டேன். வண்டியில் கைதட்டல். அப்புறம் சேனல் மாற்ற மாற்ற இந்தி, போஜ்புரி, மறுபடி இந்தி. கல்விச் சேனல்களைத் தள்ளிவிட்டுத் தமிழை எண்ணினால் கைவிரல் மிச்சம். டிடி தமிழ் வந்தது, அவ்வளவுதான் பொழுது. எங்கள் சின்னம்மா "நம்ம காசுல விட்ட ராக்கெட்டாய்யா இது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

2004 டிசம்பரில் தொடங்கிய சேவை. இன்று நான்கு கோடிக்கும் மேலான வீடுகளில் இருக்கிறது. தனியார் சேனல்களுக்கான இடத்தைப் பிரசார் பாரதி ஏலம் விடுகிறது. ஏலத்தில் ஜெயிக்கிறவர்கள் பெரும்பாலும் இந்திக்காரர்கள். விளம்பரச் சந்தை அங்கே பெரிது, அவர்கள் ஏலம் கேட்பது வியாபாரம், அதில் குற்றமில்லை. தமிழ் முதலாளிகளும் யோக்கியர்கள் இல்லை, மாதாமாதம் சந்தா வரும்போது இலவசத்துக்கு எதற்குக் கொடுப்பார்கள்? ஆனால் பொதுப்பணத்தில் நடக்கிற ஒரு சேவை, தேர்த்திருவிழாக் கடைபோல அதிகம் கேட்டவனுக்கே எல்லா இடத்தையும் கொடுக்கலாமா? ஒவ்வொரு மொழிக்கும் பத்து இடமாவது ஏலத்துக்கு வெளியே ஒதுக்கினால் என்ன? நாக்பூர் சாலையில் லாரி ஓட்டும் நம் பிள்ளைகள், வடக்கே வேலைக்குப் போய்த் தகரக் கொட்டகையில் படுத்திருப்பவர்கள், இவர்களுக்கு அது சீரியல் மட்டுமில்லை, ராத்திரி ஒரு மணி நேரம் காதில் விழும் ஊர்ப்பேச்சு.

பிரசார் பாரதிக்கு இதைத் தமிழிலேயே எழுதி அனுப்பிவிட்டேன். நீங்களும் எழுதுங்கள். எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது கேளுங்கள்.

புரட்டாசியில் திருப்பதி போகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், முக்காலியும் திசைகாட்டியும் தருகிறேன். திருப்பித் தரவேண்டும். போன தடவை வாங்கிப்போனவன் இதை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறான்.